பூங்கா இடத்தில் பக்கத்து வீட்டு வேலி: தெருவுக்கு என்ன உரிமை?

தென்சென்னைப் புறநகரிலிருந்து நாற்பத்தேழு வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவரையும் அவர் தெருவையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

அவர் குடியிருக்கும் பகுதி முன்பு தனி ஊராட்சியாக இருந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. 1986-இல் அறுபது மனைகளாகப் பிரித்து விற்கப்பட்ட அந்த லேஅவுட்டின் வரைபடத்தில் ஏறத்தாழ ஆறு கிரவுண்டு இடம் 'பூங்கா' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பூங்கா அமையவே இல்லை. இடம் முள் மண்டிக் கிடந்தது. 2017-இல் அதை ஒட்டிய வீட்டுக்காரர் இரண்டு கிரவுண்டை வளைத்துக் கம்பி வேலி போட்டார். அடுத்த ஆண்டு தகரக் கொட்டகை எழுப்பினார். இப்போது அங்கே அவருடைய கார்களும் சென்ட்ரிங் பலகைகளும் இருக்கின்றன. முதலில் கேட்டபோது "தெருவுக்காகத்தான் சுத்தமா வெச்சுப் பாத்துக்கறேன்" என்றவர், இப்போது "பன்னிரண்டு வருஷம் ஆண்டு அனுபவிச்சா இடம் நம்முதுதான்" என்கிறார். வார்டுப் பொறியாளர் பழைய ஊராட்சிக் கோப்புகள் தங்களிடம் வரவில்லை என்கிறார். பகுதி சபைக் கூட்டத்தில் வாசகி எழுந்து பேசியபோது, குடியிருப்போர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் "வீடு உங்க வீட்டுக்காரர் பேர்லதானே இருக்கு, அவரை வரச் சொல்லுங்கம்மா" என்று உட்கார வைத்துவிட்டார். கவுன்சிலர் "பார்க்கலாம்மா" என்றார்.

தெருவே ஒன்று சேர்ந்து சொத்துவரியை நிறுத்தினால் அதிகாரிகள் இறங்கி வருவார்களா, பகுதி சபையில் தீர்மானம் போட்டால் மாநகராட்சி அதைச் செய்தே தீர வேண்டுமா, பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு உண்மையா, கோப்பே இல்லாத இடத்தை எப்படி நிரூபிப்பது என்பவை அவர் கேள்விகள். இருபது ஆண்டுகளாக ஒருவர் வீட்டுப் பண்டிகைப் பலகாரம் இன்னொருவர் வீட்டுக்குப் போகும் உறவு முறிந்துவிடுமோ என்ற தவிப்பும் கடிதம் முழுக்க இருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

உங்களை உட்கார வைத்த அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதத்தில் உங்களை அதிகம் காயப்படுத்தியிருப்பது வேலியைவிட அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சொன்னது தவறு. பகுதி சபை என்பது வீட்டு உரிமையாளர்களின் சங்கம் அன்று. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வீடு யார் பெயரில் இருக்கிறது, சொத்துவரி ரசீது யார் பெயரில் வருகிறது என்பதற்கும் அங்கே எழுந்து பேசும் உரிமைக்கும் தொடர்பே இல்லை. உங்கள் தெருவில் வாடகைக்கு இருந்து அங்கேயே வாக்களிப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. அமெரிக்காவில் இருந்துகொண்டு இங்கே மூன்று வீடு வைத்திருப்பவருக்கு, அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், கிடையாது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் வாக்காளர் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரை அழைத்துப் போவது உங்கள் விருப்பம், தேவை இல்லை.

பகுதி சபையால் என்ன முடியும், என்ன முடியாது

1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சி அமைப்புகளில் வார்டுக் குழுக்கள் இருக்க வேண்டும் என்றது. ஆனால் ஒரு குழு ஒன்றுக்கு மேற்பட்ட வார்டுகளுக்கும் சேர்ந்து இருக்கலாம் என்று அதே பிரிவு இடம் கொடுத்தது. அதனால் சென்னையில் நெடுங்காலம் மண்டலக் குழுவே அந்த இடத்தை நிரப்பியது. 200 வார்டுகளுக்கு 15 மண்டலங்கள் என்றால், ஒரு தெருவின் குரல் அங்கே எந்த அளவுக்குக் கேட்டிருக்கும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். வார்டுக்கு ஒரு குழு, அதற்குக் கீழே பகுதி சபைகள் என்ற ஏற்பாட்டுக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி நாளன்று, மாநிலமெங்கும் முதல் கூட்டங்கள் நடந்தன. சென்னையில் ஒவ்வொரு வார்டும் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதிக்கு ஒருவராக வார்டுக் குழுவில் இருப்பவர்கள் தேர்தலில் நின்று வந்தவர்கள் அல்லர், நியமிக்கப்படுபவர்கள். இதை ஒரு குறையாகவே நான் பார்க்கிறேன். என்றாலும், பெரும் கூட்டத்தில் கரைந்துபோன தெருவுக்கு முதல்முறையாகச் சட்டத்தில் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன்.

அந்த நாற்காலியின் அளவை நீங்கள் சற்றுப் பெரிதாக எண்ணிவிட்டீர்கள். பகுதி சபையின் தீர்மானம் மாநகராட்சியைக் கட்டுப்படுத்தும் உத்தரவு ஆகாது. அது ஒரு பரிந்துரை, ஒரு முறையீடு. அதேபோல், கவுன்சிலர் மனம் வைத்தால் வேலி போய்விடும் என்ற எண்ணமும் சரியில்லை. ஆக்கிரமிப்பை அகற்ற நோட்டீஸ் கொடுப்பதும் அகற்றுவதும் நிர்வாக அதிகாரம். மாநகராட்சியில் அது ஆணையரிடமும் அவருக்குக் கீழே வட்டாரத் துணை ஆணையர், மண்டல அலுவலர் ஆகியோரிடமும் இருக்கிறது. கவுன்சிலரால் கேட்க முடியும், மாமன்றக் கூட்டத்தில் எழுப்ப முடியும், பதில் பெற முடியும். அந்த அளவுக்கு அவர் உங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறவர், அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அவர் 'பார்க்கலாம்' என்றதை மறுப்பாகவும் கொள்ள வேண்டாம், வாக்குறுதியாகவும் கொள்ள வேண்டாம்.

அப்படியானால் பகுதி சபையால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நீங்கள் பேசியதை யார் எழுதிவைத்தார்கள் என்பதில்தான் அதன் பயன் முழுவதும் இருக்கிறது. உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். நீங்கள் இதுவரை எங்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. வாயால் சொன்ன புகார் கூட்டம் கலைந்தவுடன் காற்றோடு போய்விடும். அடுத்த கூட்டத்துக்கு ஒன்றரைப் பக்கத்தில் மனு எழுதுங்கள்: லேஅவுட் எண், பூங்கா இடத்தின் அளவு, வேலி போட்ட ஆண்டு, கொட்டகை எழுந்த ஆண்டு, நீங்கள் கேட்பது என்ன. இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் மனுவைப் பதியும்படி எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். பிறகு அந்தக் குறிப்பின் சான்றிட்ட நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிவிடுங்கள். மாநகராட்சிக்கு இந்த ஆக்கிரமிப்பு எந்தத் தேதியில் தெரியும் என்ற கேள்வி நாளை நீதிமன்றத்தில் எழும்போது, அதற்குப் பதில் அந்தக் குறிப்புதான்.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது முழுப் பொய் அன்று. பாதி உண்மை, ஆகவே அதிகம் பயமுறுத்துவது. தனியார் ஒருவரின் நிலத்தை இன்னொருவர் பன்னிரண்டு ஆண்டுகள் எதிர்ப்பின்றி, வெளிப்படையாக, உரிமையாளருக்கு எதிராகவே தன்னுடையது என்று சொல்லி அனுபவித்தால், உரிமையாளர் அதைத் திரும்பக் கேட்கும் உரிமையை இழக்க நேரிடலாம் என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் நிலை. இதைச் சட்டத்தில் எதிரிடை அனுபவம் என்கிறோம். அரசு நிலத்துக்கு இந்தக் காலம் முப்பது ஆண்டு. உள்ளாட்சி அமைப்பின் தெருவுக்கும் சாலைக்கும் முப்பது ஆண்டு. உள்ளாட்சியின் பூங்காவைப் பற்றி அந்தச் சட்டப் பிரிவு தனியே பேசவில்லை, ஆகவே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பன்னிரண்டு ஆண்டுதான் என்று வாதிட வாய்ப்பு இருக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய இடத்தில் அந்த வாதத்தை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை என்றாலும், அதை நம்பி நீங்கள் நாளைக் கடத்த வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வேலி 2017-இல் வந்தது என்கிறீர்கள். அவர் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டாலும் பன்னிரண்டு ஆண்டு 2029-இல்தான் நிறையும்.

2017 என்ற அந்த ஆண்டு தற்செயலாக வந்தது அன்று என்று நினைக்கிறேன். சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் உங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. அந்தக் காலத்தில் எழுந்த வேலிகளைப் பற்றிய கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அன்று ஏன் புகார் கொடுக்கவில்லை என்று உங்களையே நொந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். தெருவில் யாரிடம் போய்ச் சொல்வது என்று எவருக்கும் தெரியாத காலம் அது, உங்களை நீங்கள் குற்றம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் ஓர் ஓரமாகக் குறிப்பிட்டுச் சென்ற செய்தி ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'தெருவுக்காகப் பார்த்துக்கொள்கிறேன்' என்று அவர் தெருவின் வாட்ஸப் குழுவிலும் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். எதிரிடை அனுபவம் கோருபவர், அந்த இடத்தைத் தனக்கென்று, உரிமையாளரை மறுத்து அனுபவித்ததாகக் காட்டியாக வேண்டும். பிறருக்காகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியவர் அந்த வாதத்தைத் தானே வெட்டிவிடுகிறார். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால் மட்டும் போதாது, செய்தி இருக்கும் கைபேசியையே பத்திரமாக வைத்திருங்கள், ஏனென்றால் மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் காட்டும்போது அதற்குரிய சான்றிதழும் தர வேண்டும். அதே குழுவில் அவரைத் 'திருடன்' என்று எழுதியவர்களிடம் நிறுத்தச் சொல்லுங்கள். அவதூறு வழக்கு ஒன்றை அவர் கையில் நீங்களே கொடுக்க வேண்டாம்.

அவர் காட்டும் வரி ரசீதையும் மின் இணைப்பையும் பற்றி ஒரு வார்த்தை: இரண்டும் உரிமைப் பத்திரம் ஆகா. கட்டடம் இருந்தால் வரி விதிப்பார்கள். வரி கட்டியதால் மண் சொந்தமாகிவிடாது.

கோப்பு இல்லை என்ற பதில்

2011-இல் ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகள் என மொத்தம் நாற்பத்திரண்டு உள்ளாட்சி அமைப்புகள் சென்னையோடு சேர்ந்தன. ஓர் ஊராட்சி அலுவலகத்தின் பீரோவில் இருந்தவை எல்லாம் மண்டல அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பொறியாளர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு லேஅவுட் ஒரே ஒரு பீரோவில் மட்டும் இருப்பதில்லை.

முதலில் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். உங்கள் கிரயப் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும். பத்திர எழுத்தர்கள் அதைச் செக்குபந்தி என்பார்கள். பூங்கா இடத்தை ஒட்டிய மனைகளின் பத்திரங்களில் 'பூங்காவுக்குத் தெற்கே' அல்லது 'பொது இடத்துக்கு மேற்கே' என்ற வகையில் ஒரு வரி இருக்க வேண்டும். வேலி போட்டவருடைய பத்திரத்திலும் அந்த வரி இருந்தால், அவர் மனை எங்கே முடிகிறது என்பதை அவர் பத்திரமே சொல்லிவிடும். பதிவான பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அடுத்து, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் லேஅவுட் எண்ணைச் சொல்லி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். மூன்றாவதாக, பூங்கா இடத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். லேஅவுட் போட்டவர் அந்த இடத்தை அப்போதைய ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். கடைசியாக, வட்டாட்சியர் அலுவலகத்தின் நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

இந்தத் தேடலில் ஒரு கசப்பான உண்மை வெளிப்படக்கூடும், அதற்கு உங்களைத் தயார்ப்படுத்துவது என் கடமை. பழைய ஊராட்சி லேஅவுட்டுகள் பலவற்றில் வரைபடத்தில் பூங்கா இருக்கும், தானப் பத்திரம் மட்டும் எழுதப்பட்டிருக்காது. இன்றைய விதிப்படி பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிந்து கொடுத்தே ஆக வேண்டும். அன்று அந்தக் கண்டிப்பு எல்லா இடத்திலும் இல்லை. அப்படி இருந்தால் பதிவேட்டில் நிலம் இன்னும் லேஅவுட் போட்டவர் பெயரிலேயே இருக்கும். அவருடைய வாரிசுகள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கே விற்கவும் முயலலாம். ஆனாலும் வழி அடைந்துவிடவில்லை. பூங்கா என்று காட்டி அறுபது மனைகளை விற்றவர், அந்த இடத்தைப் பொதுமக்களின் நன்மைக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவர் மட்டுமே என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் தில்லி மாநகராட்சி தொடர்பான ஒரு வழக்கில் எடுத்திருக்கிறது. அதற்கு முன்பே, 1991-இல், பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அதே நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் அப்பகுதியில் குடியிருந்தவர்கள்தான், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்பதும் அந்தத் தீர்ப்பின் பகுதி. பூங்காவும் விளையாட்டு இடமும் அமைப்பது நகராட்சி அமைப்புகளின் பணிகளில் ஒன்றாக அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையிலேயே இருக்கிறது. தானப் பத்திரம் இல்லையென்று தெரிந்தால், மாநகராட்சி ஆணையருக்கும் சார்பதிவாளருக்கும் ஒரே நாளில் விரைவுத் தபாலில் ஆட்சேபணை அனுப்பிவிடுங்கள். விற்பனை முயற்சிக்கு முன்னால் உங்கள் எதிர்ப்பு பதிவாகியிருக்க வேண்டும்.

'கோப்பு இல்லை' என்பதை எழுத்தில் வாங்க, தகவல் அறியும் உரிமைச் சட்டமே கருவி. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் மாநிலத் தகவல் ஆணையம். கோப்பு காணவில்லை என்பது அந்தச் சட்டம் அனுமதிக்கும் விலக்குகளில் ஒன்று அல்ல. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். அது விளக்கம் கேட்பது, தகவல் கேட்பது ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். 'இந்தத் தேதியிட்ட மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்', 'இணைப்பின்போது ஊராட்சியிடமிருந்து பெற்ற சொத்துகளின் பட்டியல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வரியை நிறுத்த வேண்டாம்

இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சொத்துவரி பூங்காவுக்கான கட்டணம் அன்று, பூங்கா தரவில்லை என்பதற்காக நிறுத்திக்கொள்ள. நிறுத்தினால் வட்டி ஏறும், நிலுவைக்காரர் பட்டியலில் உங்கள் கணவர் பெயர் வரும், நாளை நீதிமன்றத்தில் 'மனுதாரரே மாநகராட்சிக்குப் பாக்கி வைத்திருப்பவர்' என்ற ஒரு வரியில் உங்கள் வழக்கின் மதிப்பு குறையும். அறுபது வீட்டாரும் உரிய காலத்தில் வரி கட்டிய ரசீதுகளை மனுவோடு இணைத்துக் கொடுப்பது அதைவிட வலுவானது. வேலியைத் தெருவார் கூடிப் பிடுங்கிவிடலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், அதையும் தடுத்துவிடுங்கள். மறுநாள் காவல் நிலையத்தில் புகார்தாரர் அவராகவும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருப்பார்கள்.

ஆவணங்கள் சேர்ந்ததும், ஆணையருக்கு முகவரியிட்டு, வட்டாரத் துணை ஆணையருக்கும் மாநகராட்சியின் நில உடைமைத் துறைக்கும் நகல் வைத்து, விரிவான மனு ஒன்று அனுப்புங்கள். 1913 எண்ணில் புகார் பதிந்தால் கிடைக்கும் எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள். தொலைபேசிப் புகார் மட்டும் இத்தகைய விவகாரத்துக்குப் போதாது. இரண்டு மாதம் கடந்தும் நடவடிக்கை இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை, அதாவது அதிகாரிகளுக்கு நீதிமன்றம் இடும் 'ரிட்' கட்டளை, கோரலாம். பெரும்பாலும் முதல் உத்தரவு, மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்ற அளவில்தான் இருக்கும். எதிர்த்தரப்பையும் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள்: 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமான வரம்பு எதுவும் இன்றி, உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சங்கம் கூட வராவிட்டாலும் நீங்களும் தெருவிலிருந்து இன்னும் சிலரும் மனுதாரர்களாக இருந்தால் போதும்.

பலகாரத் தட்டுப் பரிமாற்றம் பற்றி. மனு அனுப்பும் முன் அவர் வீட்டுக்கு நீங்களும் தெருவில் மூத்தவர் ஒருவரும் நேரில் போங்கள். ஒப்புதல் வரைபடத்தையும் அவர் பத்திரத்தின் நான்கெல்லையையும் அவர் முன் வைத்து, இன்ன தேதியில் மனு கொடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் மூலம் முதலில் அறிவது வேறு, உங்கள் வாயால் அறிவது வேறு. கொட்டகையைத் தானே பிரித்துக்கொள்ள அவருக்கு மானத்தோடு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அவர் ஒப்புக்கொண்டால் ஒரு மாதமோ இரண்டு மாதமோ அவகாசம் கொடுங்கள், ஆனால் அதை எழுதி வாங்கி, இடத்தை மாநகராட்சி அளந்து எல்லைக்கல் நடும்வரை விடாதீர்கள்.

அப்போது அவர் 'ஒரு கிரவுண்டை விட்டுவிடுகிறேன், ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்' என்று கேட்கக்கூடும். சங்கத்தில் சிலர் அதோடு முடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லக்கூடும். அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு கிரவுண்டை விட்டுக்கொடுக்க உங்களுக்கோ சங்கத்துக்கோ கவுன்சிலருக்கோ உரிமை இல்லை. அறுபது மனைக்காரர்களும் அவர்கள் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களும், அந்த இடத்தில் இன்னும் ஒருநாள்கூட ஓடி விளையாடாத பிள்ளைகளும் அதற்குப் பாத்தியப்பட்டவர்கள் என்று அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.